படகுக்காரியைக் கொன்றவன்

சிக்ஸ்டன் பிரூலின் தன் வாழ்நாளில் யார்மீதும் புகார் சொன்னவன் இல்லை. சாப்பிடப் போன இடத்தில் மீன் வேகாமல் வந்தால், இதுவும் ஒரு பக்குவம் போலிருக்கிறது என்று சாப்பிட்டு முடித்து, நன்றி சொல்லிவிட்டு எழுந்து வருகிற ஆள். வெஸ்டெரோஸ் நகராட்சி நீச்சல் குளத்தில் நுழைவுச்சீட்டு கொடுப்பது அவன் வேலை. குளோரின் வாசனை அவன் சட்டையை விட்டுப் போனதே இல்லை. நாற்பதைத் தாண்டியவன், முன்வழுக்கை, யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தான். அதுவும் தனக்காக இல்லை, ஒரு கிழவிக்காக. அந்தக் கிழவியும் நிஜத்தில் இருந்தவள் இல்லை.

அவள் பெயர் யூர்டிஸ். கண் தெரியாத படகுக்காரி. 'ஓநாய்த்துறை' என்ற கணினி ஆட்டத்தில் வருகிறவள். நாமே ஒரு பாத்திரமாக உள்ளே புகுந்து, நாமே முடிவெடுத்து, கதையை நம் போக்கில் நடத்திக்கொண்டு போகிற வகை ஆட்டம் அது. முதல் பாகத்தில் அவள் படகில் ஏறும்போது ஒரு ரொட்டித் துண்டு கொடுத்திருந்தால் போதும், இரண்டாம் பாகத்தில் ஊரே ஈட்டியோடு துரத்தி வரும்போது, காலடிச் சத்தத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டு ஏற்றிக்கொள்வாள். கொடுக்காதவன் கரையில் நின்று சாக வேண்டியதுதான். இப்படி நன்றி மறவாத ஒரு மனுஷியை நகராட்சி வேலையில் பார்க்க முடியாது. சிக்ஸ்டனுக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம்.

மூன்றாம் பாகம் வந்தது. 'உன் ஒவ்வொரு முடிவும் கதையை மாற்றும்' என்று பெட்டியில் வெள்ளி எழுத்தில் போட்டிருந்தார்கள். சிக்ஸ்டன் கோடைக்கு வைத்திருந்த விடுப்பையெல்லாம் நவம்பரிலேயே எடுத்துத் தீர்த்தான். உள்ளே போய், பஞ்சம் வந்த கிராமங்களுக்குத் தானியம் கொடுத்தான். கையில் சிக்கிய எதிரிகளை மன்னித்துவிட்டான். பொய் சொல்லித் தப்பிக்கக்கூடிய இடங்களில் உண்மையைச் சொல்லி அடி வாங்கினான். கடைசியில் வெள்ளம் வந்தது, படகு கவிழ்ந்தது, யூர்டிஸ் மூழ்கினாள். "நீ செஞ்சது எதையும் நான் மறக்கலை" என்று சொல்லிவிட்டு மூழ்கினாள்.

எங்கோ தவறு செய்துவிட்டோம் என்று நினைத்தான் சிக்ஸ்டன். மறுபடி தொடங்கினான். இந்த முறை கிராமங்களை எரித்தான், அநாதைப் பிள்ளைகளை விற்றான், மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிழவியையும் ஓர் உதை விட்டான். அதே வெள்ளம் வந்தது. அதே படகு கவிழ்ந்தது. "நீ செஞ்சது எதையும் நான் மறக்கலை" என்று அதே கனிவோடு சொல்லிவிட்டு அவள் மூழ்கினாள். முதல் முறை வானம் ரோஸ் நிறமாக இருந்தது, இந்த முறை ஊதா. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் திரை முன்னால் உட்கார்ந்து அழுததை அவன் துணைவி அன்னெலி சமையலறையிலிருந்து பார்த்தாள்.

"எங்கப்பா செத்தப்ப நீ இப்படி அழலை," என்றாள்.

"உங்கப்பா என்கிட்ட எதையும் கேக்கலையே," என்றான் அவன்.

அன்று இணையத்தில், ஓநாய்த்துறை ரசிகர் மன்றத்தில், மிகப் பணிவாக ஒரு பதிவு எழுதினான். ஓவியம் அருமை, இசை அருமை, உழைத்த எல்லோருக்கும் நன்றி என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில், எப்படியும் இதுதான் நடக்கும் என்றால் என்னைக் கேட்டது எதற்கு என்று முடித்தான்.

மன்றம் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு வசனம் பிடிக்கவில்லை, சிலருக்குக் குதிரையின் நடை பிடிக்கவில்லை. சிக்ஸ்டனின் கடைசி வரி எல்லோருக்கும் பொதுவாக வாய்த்தது. 'என்னைக் கேட்டது எதற்கு' என்று பனியனில் அச்சடித்தார்கள். ஜெர்மனியில் ஒருவன் அதை முதுகில் பச்சை குத்திக்கொண்டான். அந்த வரியை நாடு நாடாகக் கொண்டு சேர்த்தவன் டோர்க்னி. கார்ல்ஸ்டாடில் குளியலறைக்கு ஓடு விற்கிற கடை வைத்திருந்தான். முதல் பாகம் வந்த காலத்தில் மன்றத்தில் பழக்கமாகி, ஞாயிறு தவறாமல் இருவரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சேர்ந்து ஆடுவார்கள். சிக்ஸ்டனின் அப்பா இறந்தபோது கார்ல்ஸ்டாடிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்து சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். சிக்ஸ்டனுக்கு நண்பன் என்றால் அவன் ஒருவன்தான்.

ஆட்டத்தைச் செய்த கோர்ப்ஸ்டென் கம்பெனி முதலில் பேசாமல் இருந்தது. பிறகு, ரசிகர்களின் ஆர்வம் தங்களை நெகிழ வைப்பதாக ஓர் அறிக்கை விட்டது. அதற்கு வந்த பதில்களில் அச்சில் ஏற்றக்கூடியது எதுவும் இல்லை. அதன் பிறகு ஒரு நாள், சிக்ஸ்டன் ஒரு பள்ளிக்கூட வகுப்பு முழுவதையும் எண்ணிக் குளத்துக்குள் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தொலைபேசி அடித்தது. பேசியவள் லூவிசா. கோர்ப்ஸ்டெனில் காயம் ஆற்றும் பொறுப்பாளர். தூங்குகிற குழந்தையின் அறையில் பேசுகிற மாதிரி பேசினாள். உன் வலி எங்களை வந்து சேர்ந்தது, சிக்ஸ்டன், என்றாள். முடிவை மாற்றப் போகிறோம், எப்படி மாற்றுவது என்று ஆட்டக்காரர்களே சொல்ல வேண்டும், அவர்கள் சார்பில் நீ வர வேண்டும் என்றாள். சிக்ஸ்டன் வரிசையில் நின்ற குழந்தைகளை மறந்து எழுந்து நின்றுவிட்டான்.

போனில் செய்தி கேட்ட டோர்க்னி, உன்னையா கூப்பிட்டார்கள் என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு சொன்னான்: "போடா. போய் அவங்க கண்ணைப் பாத்துக் கேளு. கிழவி பொழைக்கணும். வேற எதுக்கும் தலையாட்டிட்டு வந்துடாத."

தலையாட்டுவதா, நானா என்றான் சிக்ஸ்டன். வாழ்நாள் முழுக்கத் தலையாட்டியே பிழைத்தவன் அவன் என்பது அந்த நேரத்தில் இருவருக்குமே நினைவு வரவில்லை.

கோத்தன்பர்க்கில் கோர்ப்ஸ்டென் இருந்தது துறைமுகத்தை ஒட்டிய பழைய கயிற்று ஆலையில். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, மூன்று நிறத்தில் கைநாடா நீட்டினார்கள். ஒன்று, கைகுலுக்கலாம். ஒன்று, கட்டிப்பிடிக்கலாம். ஒன்று, எட்ட நின்றால் போதும். உன் வசதிதான் எங்களுக்கு முக்கியம் என்றாள் லூவிசா. சிக்ஸ்டன் யோசித்து மூன்றாவதைக் கட்டிக்கொண்டான். எல்லோரும் வந்து கட்டிப்பிடித்தார்கள்.

முதலில் காயம் ஆற்றும் வட்டம். ரசிகர்களின் காயத்தைத்தான் ஆற்றப் போகிறார்கள் என்று நினைத்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி சிக்ஸ்டன் மெத்தையில் உட்கார்ந்தான். ஆனால் காயம் பட்டவர்கள் கம்பெனிக்காரர்கள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். குதிரைகளை நடக்க வைத்தவன், தன் பிள்ளையைக் குதிரைச் சவாரிக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டதாகச் சொன்னான். வானம் வரைந்த பெண், தன் சூரிய அஸ்தமனம் புகை போட்ட சால்மன் மீன் மாதிரி இருக்கிறது என்று யாரோ எழுதியதிலிருந்து மாலை வேளையில் வெளியே போக முடியவில்லை என்று சொல்லி விசும்பினாள். சிக்ஸ்டன் அதை எழுதவில்லை. ஆனால் மனசுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தான். வட்டம் முழுவதும் அவனைப் பார்த்தது. அவன் மன்னிப்புக் கேட்டான். பார்க்க வெகு நன்றாக இருந்தது, நான் சால்மனை நிறைய விரும்பிச் சாப்பிடுகிறவன் என்று சேர்த்துக்கொண்டான். எல்லோரும் கை தட்டினார்கள். ஆட்டக்காரர் தரப்பு முதன்முறையாகப் பொறுப்பேற்றுக்கொண்டது என்று லூவிசா எங்கோ குறித்துக்கொண்டாள்.

பிறகு பொந்துஸ் ஹேகர் வந்தார். கம்பெனியின் தலை அவர். கம்பளிக் காலுறை, மார்பு வரை தாடி, விடிந்ததிலிருந்து அழத் தயாராக இருப்பவர் போன்ற கண்கள். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அங்கே யாரும் யாருக்கும் மேலே இல்லை. அவர் உட்காரும் வரை மட்டும் யாரும் உட்காரவில்லை.

"சிக்ஸ்டன், ஒண்ணு சொல்றேன் கேளு," என்றார் பொந்துஸ். "எங்களுக்கு ஆட்டக்காரன்தான் கடவுள். இதை நான் சும்மா சொல்லலை, சுவத்துல எழுதி வச்சிருக்கோம். கடவுள்கிட்ட யாராவது கருத்துக் கேப்பாங்களா? விழுந்து கும்பிடுவோம், எழுந்து நம்ம வேலையைப் பாப்போம். அவன் கேக்கறது முடிவெடுக்கற உரிமை இல்லை. முடிவெடுத்த திருப்தி. உரிமை குடுக்கணும்னா ஆயிரம் கதை எழுதணும், அதுக்குச் செலவு இருக்கு. திருப்திக்கு ஒரு வயலின் போதும். யாரும் கேக்காத கேள்வியை நாங்க கேட்டோம். ரெண்டு வழி எதுக்கு? ஒரே வழியை ரெண்டு தடவை நடந்தா ஆகாதா?"

சொல்லும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது. தன் பேச்சைக் கேட்டால் அவருக்கு எப்போதும் அப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்தது.

சிக்ஸ்டன் துணிந்து கேட்டான்: "அப்போ பெட்டி மேல எழுதியிருந்தது? ஒவ்வொரு முடிவும் கதையை மாத்தும்னு?"

"மாத்துமே. நீ வந்திருக்கல்ல? உன் கதை மாறலையா?" என்றார் பொந்துஸ். எல்லோரும் அன்போடு சிரித்தார்கள். சிக்ஸ்டனும் சிரித்தான். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க அவனுக்குத் தெரியாது.

காபி இடைவேளையில், ஏலக்காய் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள். டெக்லா. முதல் இரண்டு பாகங்களையும் எழுதியவள். சிக்ஸ்டன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினான். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கிழவி பிழைக்கிற முடிவு ஒன்றை எழுதியிருந்ததாகச் சொன்னாள். எழுதி, நடிகையை வைத்துப் பேச வைத்து, எல்லாம் முடிந்த பிறகு தூக்கிவிட்டார்களாம். கிழவியிடம் எப்போதும் நல்லபடியாக நடந்துகொண்டவர்களுக்கு மட்டும் வருகிற முடிவு அது. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் கணக்குப் பார்த்தார்கள். சொற்பம். சொற்பம் பேர் பார்ப்பதற்கு எதற்குச் செலவு என்று கேட்டார்கள்.

"என்ன ஆகும் அதுல?" என்று கேட்டான் சிக்ஸ்டன்.

"ஒண்ணும் பெருசா ஆகாது," என்றாள் டெக்லா. "வெள்ளம் வடிஞ்ச பிறகு நீ துறைக்குப் போவ. அவ துடுப்பை உன் கையில குடுப்பா. இத்தனை காலத்துல ஒரு தடவைகூட நான் பயணியா உக்காந்ததில்லை, இன்னிக்கு நீ ஓட்டுன்னு சொல்லிட்டு, முன்னால போய் உக்காந்துக்குவா. கையைத் தண்ணியில விட்டுக்கிட்டே வருவா. அவ்வளவுதான்."

சிக்ஸ்டனுக்குக் கண் நிறைந்தது. ரொட்டியைக் கையில் வைத்தபடி நின்றான். அன்று அந்தக் கட்டடத்தில் பிறர் பார்ப்பதற்காக இல்லாமல் வந்த கண்ணீர் அது ஒன்றுதான்.

பிற்பகலில், ஆட்டக்காரனுக்கு என்னென்ன தெரிவு தருவது என்று பார்க்கிற தெரிவுத் துறையின் அறையில் மீட்டிங். நீள்வட்ட மேசை, சுற்றிலும் கம்பளி விரிப்பு. மூன்று அட்டைகளை எடுத்து வைத்தாள் லூவிசா. பச்சை அட்டையில் கிழவி மூழ்குகிறாள். நீல அட்டையில் கிழவி மூழ்குகிறாள், ஆனால் மெதுவாக. மஞ்சள் அட்டையில் கிழவி பிழைக்கிறாள். எந்த அழுத்தமும் இல்லை, உன் மனசு என்ன சொல்கிறதோ அதை எடு என்றாள். சிக்ஸ்டன் மஞ்சளை எடுத்தான்.

"அருமை. அதை ஏன் எடுக்கத் தோணிச்சுன்னு எல்லாரும் சேந்து பாப்போமா?" என்றாள் லூவிசா.

எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள். கோர்ப்ஸ்டெனில் எதையும் ஓட்டுப் போட்டு முடிவு செய்வதில்லை, அது தோற்றவர்களைப் புண்படுத்தும். எல்லோரும் ஒரே கருத்துக்கு வரும் வரை பேசுவார்கள். மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும், மஞ்சள் அட்டை தங்களுக்குள் என்ன உணர்வை எழுப்புகிறது என்று சொன்னார்கள். ஒருவனுக்கு அது தன் பெற்றோரின் விவாகரத்தை நினைவூட்டியது. குதிரைக்காரனுக்கு மூச்சு முட்டியது. வானம் வரைந்தவள், பிழைக்கிற முடிவுக்குப் புது விடியல் வரைய வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மறுபடி கேட்டார்கள். சிக்ஸ்டன் மறுபடியும் மஞ்சளைத்தான் எடுத்தான். அவன் வாழ்க்கையிலேயே மிகத் தைரியமான காரியம் அது. நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனான்.

திரும்பி வந்தபோது மூன்றாவது சுற்று. மூன்று நிறத்திலும் அட்டைகள் அதே இடத்தில் இருந்தன. மனசு மாறவில்லை என்று சொல்லி மஞ்சளை எடுத்தான். அறை முழுக்க ஒரு பெருமூச்சு. நாற்காலியை விட்டு எழுந்து ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்தார்கள். புகைப்படக்காரன் உள்ளே வந்தான். அட்டையை மார்புக்கு நேராகப் பிடி, உனக்குச் சந்தோஷமான ஒன்றை நினைத்துக்கொள் என்றான். கிழவி தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு வருவதை நினைத்துக்கொண்டான் சிக்ஸ்டன். முகம் பூராவும் மலர்ந்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பு அவன் கல்யாணப் படங்களில்கூட இல்லை, ஏனென்றால் அவனுக்கும் அன்னெலிக்கும் கல்யாணமே ஆகவில்லை.

படம் எடுத்து முடிந்த பிறகுதான் அட்டையைத் திருப்பிப் படித்தான். கிழவி மூழ்குகிறாள், ஆனால் மெதுவாக.

"இது நீல அட்டையில இருந்ததாச்சே," என்றான்.

"நீ வெளிய போயிருந்தப்ப நிறங்களை மாத்தி வச்சோம்," என்றாள் லூவிசா. "எப்பவும் ஒரே நிறத்துக்கே நல்ல முடிவு கிடைச்சா மத்ததுக்கு எப்படி இருக்கும், சொல்லு? எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"நான் ஒத்துக்கலையே."

"நீ இல்லையே, சிக்ஸ்டன்." இதைச் சொல்லும்போது அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இப்ப மறுபடி ஆரம்பிச்சா இவங்க எல்லாரையும் திரும்பக் காயப்படுத்தணும். அதை நீ விரும்புறியா? அது உன் முடிவுதான். நாங்க எதுவும் சொல்ல மாட்டோம்."

சிக்ஸ்டன் சுற்றிலும் பார்த்தான். வானம் வரைந்தவள் மேல்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு மாலை நேரத்தில் நடந்து போகப் போகிறேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தலையாட்டினான்.

புறப்படும்போது கீழ்த் தளத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். டெக்லாவுக்கு வழியனுப்பு. ஆட்குறைப்பில் அவள் பெயர் வந்திருந்தது. எந்தக் கேக் பிடிக்கும் என்று அவளையே கேட்டார்களாம். கேரட் கேக் என்றாளாம். பச்சை நிறத்தில் மார்சிபன் என்ற பாதாம் மாவு போர்த்திய கேக் வந்திருந்தது. அவள் அதில் ஒரு துண்டை சிக்ஸ்டனுக்குக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

ரயிலில் வரும்போது டோர்க்னி பல தடவை கூப்பிட்டான். சிக்ஸ்டன் எடுக்கவில்லை. எப்படியாவது லூவிசாவுக்கு எழுதி மாற்றிவிடலாம், மாற்றிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தான். எழுதினான். உன் வலி எங்களை வந்து சேர்ந்தது என்று பதில் வந்தது.

புது முடிவை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நேரலையில் வெளியிட்டார்கள். பொந்துஸ் தோன்றினார். "இதை நாங்க முடிவு பண்ணலை. அந்தத் துணிச்சல் எங்களுக்கு இல்லை. உங்கள்ல ஒருத்தர், உங்களை மாதிரியே அவளை நேசிச்ச ஒருத்தர், எங்க கண்ணு முன்னாடி, மூணு தடவை, இதே அட்டையைத்தான் எடுத்தார்," என்று சொல்லி அழுதார். பிறகு யூர்டிஸ் மூழ்கினாள். முன்பு மூச்சு விடும் நேரத்தில் முடிந்தது, இப்போது ஒரு பாட்டு முழுக்க மூழ்கினாள். வயலின் ஒலித்தது. அவள் கை மட்டும் நீருக்கு மேலே வெகு நேரம் தெரிந்தது. கடைசியில் சிக்ஸ்டனின் படம். கையில் மஞ்சள் அட்டை, முகம் பூராவும் சிரிப்பு. கீழே: ஆட்டக்காரர்களின் முடிவு, தேர்ந்தெடுத்தவர் சிக்ஸ்டன் பிரூலின், வெஸ்டெரோஸ்.

அன்னெலி திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ஏன் இப்படிப் பல்லைக் காட்டுற?" என்றாள்.

மன்றம் வெடித்தது. கோர்ப்ஸ்டெனை யாரும் திட்டவில்லை, அவர்கள் பாவம், கேட்டார்கள், கேட்டதைச் செய்தார்கள். படகுக்காரியைக் கொன்றவன் என்று சிக்ஸ்டனுக்குப் பெயர் விழுந்தது. அந்தச் சிரிப்பை வெட்டி எடுத்து, கப்பல் மூழ்குகிற படங்களிலும் வெள்ளச் செய்திகளிலும் ஒட்டினார்கள். 'என்னைக் கேட்டது எதற்கு' என்ற பனியன்காரர்கள், 'இவனைக் கேட்டது எதற்கு' என்று புதிதாக அச்சடித்தார்கள். முதுகில் பச்சை குத்திய ஜெர்மன்காரன் அதை அழிக்கும் செலவைக் கேட்டு எழுதினான். எங்களை விற்றுவிட்டான், எவ்வளவுக்கு விற்றான் என்று மட்டும் தெரியவில்லை என்று முதலில் எழுதியவன் டோர்க்னி.

சிக்ஸ்டன் அவனைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நடந்தது எல்லாவற்றையும், நாடா, வட்டம், நிறம் மாறிய அட்டை என்று மன்றத்தில் எழுதினான். வளர்ந்த மனிதனுக்கு ஓர் அட்டையைப் படிக்கத் தெரியாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சிறிது நேரத்தில் அந்தப் பதிவும் காணாமல் போனது. சக மனிதர்களின் உணர்வைப் புண்படுத்தியதால் நீக்கப்பட்டது என்று, மன்றத்தின் தளத்தையும் நடத்திவந்த கோர்ப்ஸ்டெனின் பெயரில் ஒரு குறிப்பு இருந்தது.

நீச்சல் குளத்துக்குப் பார்சல்கள் வரத் தொடங்கின. குழந்தைகள் இடுப்பில் மாட்டும் காற்று வளையங்கள், கைக்கு மாட்டும் ரப்பர் பைகள், ஒரு முறை பாசி பிடித்த நிஜமான துடுப்பு. எல்லாம் கிழவிக்குக் கொடுக்கச் சொல்லி. வாலிபர்கள் கூட்டமாக வந்து சீட்டு வாங்குவார்கள். பெரியவருக்கான சீட்டா, மாணவர் சீட்டா என்று அவன் கேட்டால், நீயே ஒன்றை எடுத்துக்கொடு, எப்படியும் மூழ்கத்தானே போகிறோம் என்பார்கள். பின்னால் நிற்பவன் படம் எடுப்பான். ஒரு நாள் ஒருவன் ஆழமான பக்கத்தில் இறங்கி, கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தான். உயிர்காக்கும் பெண் நிஜம் என்று நம்பிக் குதித்து, ஓரத்தில் மோதித் தோளை உடைத்துக்கொண்டாள்.

குளத்தின் நிர்வாகி குன்வோர் அவனைக் கூப்பிட்டுப் பேசினாள். நல்லவள். அவன் பக்கம்தான் இருப்பதாகச் சொன்னாள். எல்லோருடைய பாதுகாப்பையும் உத்தேசித்து, இன்றே நின்றுகொள்கிறாயா, வெள்ளிக்கிழமை நின்றுகொள்கிறாயா, உன் விருப்பம் என்றாள். அவன் வெள்ளிக்கிழமை என்றான். அன்று மாலையே அவன் சாவி கதவைத் திறக்கவில்லை.

மாதக்கணக்கில் அவன் வீட்டில் கிடந்தான். அன்னெலி முதலில் பரிதாபப்பட்டாள், பிறகு பொறுத்துக்கொண்டாள், பிறகு ஏரிப்பக்கம் தனியாக நடக்கப் போனாள். போன் அடித்தால் திட்டு. கதவு தட்டினால் பார்சல். அந்தக் காலத்தில் அவனிடம் கனிவாகப் பேசியது ஒரே ஒருத்தி. வாரம் தவறாமல் கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டாள். வெறுப்பை நாங்கள் கண்டிக்கிறோம், சிக்ஸ்டன், என்றாள். ஆறாவதோ ஏழாவதோ முறை, கோர்ப்ஸ்டெனில் உனக்கு ஒரு வேலை இருக்கிறது, ஆட்டக்காரர்களின் வலி தெரிந்த ஆள் வேண்டும் என்றாள் லூவிசா. வெறுப்பு என்றால் என்ன என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

அன்னெலியிடம் சொன்னான். போய்த் தொலை என்றாள். போனான். அவள் வரவில்லை.

கோர்ப்ஸ்டெனில் அவனுக்கு நன்றாகவே ஒத்துப்போனது. செருப்பில்லாமல் நடப்பது குளத்தில் பழகியதுதான். பொந்துஸ் உட்காரும் வரை நின்றான். வட்டத்தில் அவன் முறை வரும்போது தோள் உடைந்த பெண்ணைப் பற்றிச் சொல்வான், எல்லோரும் அழுவார்கள். கோபமாக எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதுவது அவன் வேலை. உன் வலி எங்களை வந்து சேர்ந்தது என்று எழுதுவான். எழுதும்போது அது பொய் இல்லை. வந்துதான் சேர்ந்தது. அதற்குமேல் போக அதற்கு இடம் இல்லை.

நான்காம் பாகம் வந்தது. அதில் ஒரு நாய். கூடவே வளரும், காவல் காக்கும், கடைசியில் என்ன செய்தாலும் தீயில் செத்துப்போகும். மன்றம் மறுபடி கொதித்தது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியவனைக் கம்பெனி அழைத்தது. ஓடு விற்கிற டோர்க்னி. அவனை டிராம் நிறுத்தத்திலிருந்து கூட்டி வர சிக்ஸ்டனை அனுப்பினார்கள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. டோர்க்னி இறங்கினான். சற்றுப் பருத்திருந்தான். இருவரும் கைகுலுக்கிக்கொண்டு, ஆலைச் சுவரை ஒட்டி நடந்தார்கள். பாதி தூரத்தில் சிக்ஸ்டன் நின்றான்.

"நான் மஞ்சளைத்தான் எடுத்தேன், டோர்க்னி. கிழவி பொழைக்கிற அட்டையை. அவங்க மாத்திட்டாங்க."

"தெரியும்டா," என்றான் டோர்க்னி.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. படத்தைப் பாத்த உடனே. உன்னை எனக்குத் தெரியாதா? கிழவியைக் கொன்னுட்டு நீ சிரிப்பியா?"

சிக்ஸ்டன் மழையைத் துடைத்துக்கொண்டான். "அப்புறம் ஏன்டா அப்படி எழுதின?"

டோர்க்னி நேர்மையாக யோசித்தான். மறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

"கம்பெனியைத் திட்டிப் பாத்தோம். அதுக்கு வலிக்கலை. உனக்கு வலிச்சுது," என்றான். கொஞ்சம் பொறுத்து, "அதோட, உன்னைக் கூப்பிட்டாங்க, என்னைக் கூப்பிடலை. அந்த வரியை ஊர் ஊராச் சுமந்தது நான். அன்னிக்கு நீ போன்ல சொன்னப்ப எனக்கு எப்படி எரிஞ்சுது தெரியுமா?"

கப்பல் ஒன்று ஊதியது. அது ஊதி முடிக்கும் வரை இருவரும் காத்திருந்தார்கள். டோர்க்னியின் முகத்தில் ஒரு சிறு பரபரப்பு இருந்தது. பயணத்துக்கென்று புதுச் சட்டை போட்டிருந்தான், காலரில் மடிப்பு இன்னும் கலையவில்லை. ஆலையின் பெரிய கதவை நிமிர்ந்து பார்த்தான்.

"உள்ள ஆளுங்க எப்படி?" என்று கேட்டான். "நாய் பொழைக்கணும். அதை விட மாட்டேன். நான் சொன்னா கேப்பாங்களா?"

சிக்ஸ்டன் அவனுக்காகக் கதவைத் திறந்து பிடித்தான்.

"நல்லவங்கதான்," என்றான். "எல்லாம் உன்னைக் கேட்டுத்தான் செய்வாங்க."